ராத்தா ஒப்புக்கொண்ட தைலம்

2014 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் சுபஹ் தொழுதேன். முற்றம் கூட்டினேன். தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். ராத்தா இடியப்பம் கொண்டு வந்தார், சம்பலும் சேர்த்து. என் கணவர் ஒரு பக்கத்தால் மட்டும் மென்று சாப்பிட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. சாப்பிட்டு முடிந்ததும் பாமசியில் வாங்கிய கராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துப் பல்லில் வைத்தார். போத்தலை முன்னறையில் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்டூலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் தைத்து முடித்த பாடசாலைச் சீருடைகளை அயர்ன் பண்ணி, அளவு வாரியாக அடுக்கி, பைகளில் போட்டேன். இவ்வளவும் அன்றைய டயரியில் நல்ல கையெழுத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

ராத்தா என்றால் மூத்த சகோதரி. அவர் எனக்குச் சொந்தம் இல்லை. தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், சின்னவர் பெரியவர் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். முதலில் ஓலைக் கொட்டில், பிறகு எங்கள் ஒழுங்கையின் கடைசியில் தகரம் போட்ட ஒரு அறை. விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பார். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். தலையில் எப்போதும் ஒரே மாதிரியான சாம்பல் நிற முக்காடு.

அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான். எது நடந்தாலும் "என்னாலதான்" என்பார்.

கல்யாண வீட்டில் கரண்ட் போகும். எல்லாரும் மின்சார சபையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, சமையல் பக்கத்திலிருந்து ராத்தாவின் குரல் வரும்: "நான் இப்பதான் மிக்ஸியப் போட்டேன். என்னாலதான் போல. மாப்புச் செய்ங்க." மழை பெய்து யாருடைய கருவாடாவது நனைந்தால், "நான் நேத்து இந்தப் பக்கம் வந்து, நல்ல வெயில்தானே இண்டு வாய் விட்டேன்" என்பார். ஒழுங்கைப் பொடியன்களுக்கு இது நல்ல விளையாட்டு.

"ராத்தா, நேத்து மெச் தோத்துட்டம்."

"நான் டீவியில கொஞ்சம் பாத்தேன் மகன். பாத்திருக்கப்படாது."

"அடுத்த மெச் அண்டைக்கி நாங்க வந்து உங்கட வீட்டுக் கதவப் பூட்டிருவம்."

"பூட்டுங்க மகன், பூட்டுங்க. சாவிய மட்டும் துலைச்சிராதீங்க. துலைச்சா அதுவும் என்ட தலையிலதான்."

அவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். ஆனால் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது விளையாட்டு இல்லை. நாங்கள் நோன்புக்கு முந்திய நாட்களில், ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீட்டு வாசலில், பெருநாளில் தழுவிக்கொள்ளும்போது மாப்புக் கேட்போம். ராத்தாவுக்கு அது அன்றாடப் பேச்சு. கேட்டால் கொடுத்தாக வேண்டும் அல்லவா? நாங்களும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒருவர்கூட "எதற்கு?" என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கிணறு உவர் தட்டியது. கடனீரேரி பக்கத்தில் இருக்கிற ஊர். அந்த வருடம் மழையும் குறைவு. எங்கள் வரிசையில் இருந்த கிணறுகள் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக உவர்த்தன. ஆனால் எங்கள் உம்மா அதைப் பார்க்கவில்லை. ராத்தாவும் கொட்டில்களில் இருந்த இன்னும் சில பெண்களும் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். "இவங்க வந்து அள்ளி அள்ளித்தான் கிணறு இப்பிடிப் போயிட்டு" என்று உம்மா வேலிக்கு அப்பாலும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஊரில் அப்போது அப்படித்தான் கதை. பாடசாலையில் இடம் இல்லாவிட்டாலும் அகதியாக வந்த அவர்களால்தான், கூலி குறைந்தாலும் அவர்களால்தான், மீன் விலை ஏறினாலும் அவர்களால்தான்.

மறுநாள் ராத்தா வெறுங்குடத்தோடு வந்தார். தண்ணீர் அள்ளவில்லை. உம்மாவுக்கு முன்னால் நின்று, "மாப்புச் செய்ங்க. கிணறு எங்களாலதான்" என்றார்.

உம்மா மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தவர், "சரி சரி, பரவால்ல" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். நானும் அப்போது உம்மாவை நல்லவர் என்றே நினைத்தேன். ராத்தாவிடமிருந்து நான் கேட்ட முதலாவது "எங்களாலதான்" அது. பிறகு அதில் "எங்க" போய், "என்" மட்டும் மிஞ்சியது. அந்தப் பேச்சை அவர் மன்னாரிலிருந்து கொண்டு வரவில்லை என்பது என் எண்ணம். எங்கள் ஊரில்தான் பழகினார். வேறு யாரும் சொல்லுமுன் தானே சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று கண்டுகொண்டிருப்பார்.

தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ராத்தா ஒரு சின்னப் போத்தலில் யூக்கலிப்டஸ் தைலம் வைத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்து முதுகு பிடித்து வருகிற பெண்களுக்கு, தேங்காயெண்ணெயில் அதைச் சொட்டு விட்டுக் கலந்து தேய்த்துவிடுவார். தேய்க்குமுன், "எரிஞ்சாச் சொல்லுங்க, என்னைத் திட்டுங்க" என்பார். மற்றவர்களுக்குக் கலக்காமல் ஒருபோதும் தேய்க்கமாட்டார். ஒருமுறை தன் முழங்காலில் தனித் தைலத்தைப் பூசித் துணியால் இறுக்கிக் கட்டிப் படுத்து, காலையில் கொப்புளத்தோடு எழும்பினார். அதற்கும் தைலம் விற்ற கடைக்காரரிடம் போய், "நீங்க சொன்னீங்கதான், நான்தான் கேக்கல்ல" என்று மாப்புக் கேட்டார். அப்படி எதையும் தான் சொன்னதாகக் கடைக்காரருக்கு ஞாபகமே இல்லை.

எனக்கும் அந்தத் தைலம் பழக்கம். வெள்ளைச் சீருடையில் மெசின் எண்ணெய் பட்டுவிட்டால் துணியை ஒரு சொட்டுத் தைலத்தால் ஒற்றி எடுத்துப் பிறகு சவர்க்காரம் போட்டால் கறை போய்விடும். தைலம் வாங்கப் போகும்போதெல்லாம் ராத்தாவுக்கும் ஒரு போத்தல் வாங்கி வருவேன். வீட்டில் என்னுடைய போத்தல் அலுமாரியின் மேல்தட்டில், பூட்டி இருக்கும். கத்தரிக்கோலும் ஊசிப் பெட்டியும் அதே தட்டில்தான். பொருட்கள் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கடுமை. என் கணவர் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். அவர் வைத்ததை நான் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்போது பழகும் என்று சில நாள் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அயர்ன் பண்ணும்போது ஸ்டூலில் கராம்பு எண்ணெய்ப் போத்தலைக் கண்டேன். அவரே வந்து எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது என் தம்பி கட்டாரில் வேலை செய்தான். அவன் மனைவி பஸ்லாவும் மகள் ஹனாவும் எங்களோடு இருந்தார்கள். ஹனாவுக்கு ஒன்றேகால் வயது. எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கிற பருவம். இரண்டு நாளாகச் சளி. அன்று காலை இடியப்பம் கொண்டு வந்தபோது பஸ்லா கேட்டதால் ராத்தா ஹனாவுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய், அதில் ஒரே ஒரு சொட்டு. முதுகிலும் உள்ளங்காலிலும் மட்டும். "சின்னப் புள்ளைக்கு மூக்குக்கிட்டக் கொண்டு போகப்படாது. மூச்சு முட்டிரும்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தது என் காதில் விழுந்தது.

நான் சீருடைகளைக் கொடுக்கப் பாடசாலைக்குப் போனேன். திரும்பி வரும்போது வீட்டுக்குள் சத்தம். பின்பக்கச் சமையலறை வாசலில் பஸ்லா பிள்ளையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். தட்டுகளை எடுத்துப்போக வந்த ராத்தா பக்கத்தில் குந்தியிருந்தார். ஹனாவின் வாயிலிருந்து நீர் வடிந்தது. கொஞ்சம் முன்பு வீறிட்டு அழுதவள் இப்போது கண்ணைத் திறக்கச் சோம்பினாள். கையைத் தூக்கி விட்டால் துணி போல விழுந்தது.

"நான் குசினியில மதினி. கொஞ்ச நேரம்தான். முன்னறையில விளையாடிக்கிட்டு நிண்டா" என்றாள் பஸ்லா.

பிள்ளை முழுக்க யூக்கலிப்டஸ் மணம். வீட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்தே கராம்பு மணந்துகொண்டிருந்தபடியால் அந்தக் கராம்பு நெடி எங்கள் யார் மூக்கிலும் தனியாகப் படவில்லை. ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் இளவயதுச் சிங்களவர். தமிழ் விளங்கும், பேசுவது குறைவு. சிலாபப் பக்கத்து நேர்ஸ் ஒருவர் தமிழில் கேட்டார்: "என்ன நடந்தது? புள்ள ஏதாவது விழுங்கினதா? யாருக்குத் தெரியும்?"

பஸ்லா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நான் என்ன சொல்வதென்று யோசித்தேன். அதற்குள் ராத்தா ஒரு அடி முன்னால் வந்தார்.

"என்னாலதான் மிஸ். நான்தான் தைலம் பூசினேன்."

"என்ன தைலம்?"

"யூக்கலிப்டஸ்."

"எவ்வளவு?"

"கூடிட்டு. நிறையப் போட்டுட்டேன்."

ஒரு சொட்டு என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை.

"வாய்க்குள்ள போனதா?"

"இல்ல மிஸ். பூசினது மட்டும்தான். என்ட பிழைதான்."

நேர்ஸ் டொக்டரிடம் சொன்னார். டொக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. தோலில் பூசியதுதான் என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வைத்துப் பார்ப்போம், மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனிப்போம் என்றார். நேர்ஸ் ராத்தாவைப் பார்த்து, "வயசு போன ஆள், இப்பிடியா செய்யிற?" என்று ஏசினார். ராத்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆறுதல். மறைக்க ஒன்றும் இல்லை. பிழை யாருடையது என்று தெரிந்துவிட்டது, அது எங்கள் வீட்டுப் பிழை இல்லை என்ற ஆறுதல். ராத்தா ஏச்சு வாங்குவது எனக்குப் பழகிய காட்சி. பழகியது நடந்தால் மனம் எப்படி அடங்கிப் போகுமோ, அப்படி அடங்கியது. பிள்ளையின் கை இன்னும் துணி போலத்தான் கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஹனாவுக்கு மாற்றுச் சட்டை எடுக்க வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் கால் வைத்ததும் நெடி முகத்தில் அடித்தது. இரண்டு மூன்று நாளாக இருந்த மணம் இல்லை இது. ஸ்டூல் சரிந்து கிடந்தது. போத்தல் மெசின் மிதிக்குக் கீழே, மூடி இல்லாமல். கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. கீழே சீமெந்தில் உள்ளங்கையளவு ஈரம் மட்டும். ஏறக்குறைய நிறைந்திருந்த போத்தல் அது. பஞ்சு நனைக்க எவ்வளவு போயிருக்கும்?

போத்தலைக் கையில் பிடித்தபடி, சட்டையை மறந்து, அதே ஓட்டோவில் திரும்பினேன். ஓட்டோக்காரர், "என்ன தங்கச்சி, ராத்தா என்னமோ குடுத்துட்டாவாமே?" என்றார். அதற்குள் ஒழுங்கைக்குத் தெரிந்திருந்தது.

டொக்டர் போத்தலை வாங்கி முகர்ந்தார். ஹனாவின் வாயருகே குனிந்து முகர்ந்தார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்கு, வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது நல்லது, வாந்தியில் எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருந்தால் இன்னும் மோசம் என்றார். இரத்தத்தில் சீனியளவு பார்த்தார்கள், பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் கொழும்புக்குப் போன் பண்ணிப் பேசினார். கையில் ஊசி ஏற்றி சேலைன் போட்டார்கள், அதோடு ஈரலைக் காக்கிற ஒரு மருந்தும். நேர்ஸ் எனக்கு விளக்கினார்: கராம்பு எண்ணெய் பெரியவர்களின் பல்லுக்குத் துளி வைக்கலாம், இந்த வயதுப் பிள்ளை குடித்தால் வலிப்பு வரலாம், ஈரல் பழுதாகலாம். ஈரல் பழுதாவது உடனே தெரியாது. நாளைக் காலை இரண்டாவது முறை இரத்தம் பார்த்தால்தான் சொல்லலாம். அந்த மருந்தை முந்திக் கொடுக்கக் கொடுக்க நல்லது.

முந்திக் கொடுத்திருக்கலாம். நான் வீட்டுக்குப் போய் வந்த நேரம் முழுவதும் அவர்கள் பிள்ளையின் முதுகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் ராத்தாவிடம் வந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. களைத்த மனிதனின் குரல். தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நீங்க ஏன் செய்யாதத செஞ்சது எண்டு சொன்ன?"

"நானும் பூசினேன்தானே டொக்டர். நான் இல்லண்டு எப்பிடிச் சொல்ல?"

"நிறையப் பூசின?"

நான், "ஒரு சொட்டுத்தான் டொக்டர்" என்றேன்.

"அப்ப ஏன்?"

"யாராவது ஒராள் சொல்லத்தானே வேணும்" என்றார் ராத்தா. "புள்ளட உம்மா அழுதுக்கிட்டு நிக்கிறா. அவவையா சொல்லச் சொல்ற?"

டொக்டர் ராத்தாவின் பக்கம் குனிந்தார். "அம்மா, பிழை யார்ட எண்டு நான் கேக்கல்ல. என்ன நடந்தது எண்டுதான் கேட்ட."

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மாப்புச் செய்ங்க" என்றார்.

டொக்டருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. நேர்ஸும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு விளங்கியது. டொக்டர் கேள்வியை எங்களைவிடச் சரியாகத்தான் கேட்டிருந்தார். ஆனால் எங்கள் ஒழுங்கையில் "என்ன நடந்தது?" என்று ராத்தாவிடம் யாரும் கேட்டதே கிடையாது. நாங்கள் கேட்டது எப்போதும் மற்றக் கேள்வியைத்தான். அதற்கான விடையை அவர் இருபது வருடத்துக்கு மேலாகக் கையில் வைத்திருந்தார்.

பின்னேரம் என் கணவர் வந்தார். போத்தல் கதையைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். ராத்தா அவரிடமும் போனார். "தம்பி, நான் தட்டெடுக்க வந்த நேரம் முன்னறையப் பாத்திருந்தா..." என்று தொடங்கினார். என் கணவர் கையால் மறித்து, "போதும் ராத்தா" என்றார். ஆனாலும் "இல்ல, உங்களால இல்ல" என்று அவர் சொல்லவில்லை.

ஹனாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவரைக் காக்க வைப்பது சரியில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறாள். வாய் ஓயாது. ஆனால் இதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களில் யாருக்கும் தெரியாது.

ராத்தா அதற்கு இரண்டு வருடம் கழித்து மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார். போன இடத்திலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். பழைய வளவு காடாகிக் கிடக்கிறது, கிணறு தூர்ந்துவிட்டது என்றார். "நாங்க இல்லாமப் போனதாலதான் தங்கச்சி. அள்ளாமக் கிடந்தா தூர்ந்துதானே போகும்." இருந்தாலும் அவர்களால்தான், இல்லாமல் போனாலும் அவர்களால்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, "என்ட போன்தான் சரியில்ல" என்றார்.

அவர் போகுமுன், ஹனா குடித்தது எங்கள் வீட்டுக் கராம்பு எண்ணெய் என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. அவவே ஒத்துக்கிட்டாவாமே" என்றார்கள். இரண்டு வீடுகள் அவரிடம் இடியப்பம் வாங்குவதை நிறுத்தியிருந்தன. பிறகும் தொடங்கவில்லை.

அந்தச் செவ்வாய் இரவு பஸ்லா மட்டும் வார்டில் நின்றாள். புதன்கிழமை சுபஹ் முடிந்ததும் நானும் ராத்தாவும் போனோம். உள்ளே விட்டார்கள். ஹனா விழித்திருந்தாள். கண் சோர்ந்திருந்தாலும் என்னைத் தெரிந்தது. ராத்தாவைக் கண்டதும் கையை நீட்டினாள். முதல் வேலையாக நேர்ஸ் இரண்டாவது இரத்தம் எடுக்க வந்தார். பஸ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்தா பிள்ளையை மடியில் வைத்து, தன் பெரிய கையால் அந்தச் சின்னக் கையை அசையாமல் பிடித்தார். ஊசி ஏறியது. நரம்பு வழுக்கிவிட்டது. ஹனா அலறினாள்.

"நான் சரியாப் பிடிக்கல்ல மிஸ்" என்றார் ராத்தா. "என்னாலதான்."

நேர்ஸ் "பரவால்ல" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல ராத்தா" என்றேன். "நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க."

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். நேர்ஸ் பஞ்சை அழுத்திவிட்டு, ரப்பர் பட்டியைக் கழற்றி, மற்றக் கையைக் கேட்டார்.

"இந்தக் கைய நீங்க பிடிங்க தங்கச்சி" என்றார் ராத்தா.

நான் பிடித்தேன்.